தாத்தாவின் கணக்கு நோட்டைக் கிழிக்காதீர்கள்

நாகர்கோவிலில் என் தொழிலைச் சொன்னால் பாதிப்பேர், "கிலோவுக்கு என்ன தருவீங்க?" என்றுதான் கேட்பார்கள். ஆக்கர் கடைக்காரன் என்று நினைப்பு. பழைய கையெழுத்துப் பிரதி, கடிதம், டைரி ஆகியவற்றைச் சீர்செய்து அட்டவணை போட்டுக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் இறந்துபோன எழுத்தாளர்களின் வீடுகளுக்குப் போகிறேன். பெரும்பாலும் தாமதமாகத்தான் போகிறேன்.

பழையாற்றங்கரையில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெரியவர் பள்ளி ஆசிரியர், கவிஞர், இரண்டு தொகுப்புகள் அச்சில் வந்தவர். மருமகள் வாசலுக்கே வந்து, "மாமா எழுதினதெல்லாம் பத்திரமா இருக்கு தம்பி, மோன் லேமினேஷன் பண்ணி வச்சிருக்கான்" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. உள்ளே பதினான்கு தாள்கள் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. கணக்கு நோட்டிலிருந்து கவிதை இருந்த பக்கங்களை மட்டும் பேரன் பார்த்துப் பார்த்துக் கிழித்திருக்கிறான். மிச்ச நோட்டு எங்கே என்று கேட்டேன். "அது சும்மா பால் கணக்கும் பலசரக்குக் கணக்குமாக்கும். பெயிண்ட் அடிக்கச்சில எடுத்துப் போட்டாச்சு."

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆசையாகத்தான் செய்திருக்கிறான். ஆனால் லேமினேஷன் இயந்திரம் நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, உருகிய பிளாஸ்டிக்கைத் தாளின் நாருக்குள் இறக்கிவிடுகிறது. பழைய தாளில் இருக்கும் அமிலமும் உள்ளேயே அடைபட்டுப்போகும். பிறகு பிரிப்பது என்பது பெரும்பாலும் தாளையே இழப்பதுதான்.

அந்தப் பதினான்கில் ஒரு தாளைச் சொல்ல வேண்டும். பழையாற்றைப் பற்றிய கவிதை. தொகுப்பில் "தவழ்ந்து வரும் ஆறே" என்று அச்சாகியிருக்கிறது. தாளில் முதலில் "நடந்து" என்று எழுதி அடித்திருக்கிறார். அதன் மேல் "நொண்டி". அதையும் அடித்துவிட்டு ஓரத்தில் "தவழ்ந்து". ஆற்றை ஏன் ஒருவர் நொண்ட வைக்க நினைத்தார்? தாளைத் திருப்பினேன். பின்பக்கம் கணக்கு: "காலுக்குத் தைலம் 1-4-0. வைத்தியருக்கு 2-0-0." அதன் கீழே 1128 ஆவணி என்று தேதி. ரூபாய் அணா பைசாக் கணக்கு, கொல்லம் ஆண்டு. நம் பக்கத்துப் பழைய தாள்களில் இந்த ஆண்டுதான் மிகுதி. ஆங்கில ஆண்டு தெரிய, ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்துவிட்டால் 825. ஆக, 1952 ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் மனிதர் காலில் அடிபட்டுப் படுத்திருக்கிறார். தொகுப்பில் அந்தக் கவிதைக்குத் தேதியே கிடையாது. விழுந்தாரா, எங்கே விழுந்தார், எத்தனை நாள் படுத்தார் என்பதெல்லாம் முந்தின பக்கத்தில் இருந்திருக்கும். அந்தப் பக்கம் பெயிண்ட் அடிக்கும்போது போய்விட்டது.

கரையானும் ராமபாணப் பூச்சியும் தின்றதைவிட, வீட்டார் தரம் பிரிக்கும்போது போனதுதான் அதிகம் என்பது என் அனுபவம். பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த கையோடு ஒரு சுத்தம் செய்தல் நடக்கும், வீட்டை இடித்துக் கட்டும்போது இன்னொன்று. இரண்டிலும் சுத்தப்பிரதி தப்பிக்கும். அடித்தல் திருத்தல் உள்ள தாள், வந்த கடிதங்கள், அழைப்பிதழ், திருப்பி அனுப்பப்பட்ட கவிதையோடு வந்த அஞ்சலட்டை, கடன் சீட்டு எல்லாம் போகும். அச்சான கவிதை எப்படியும் நாலு நூலகங்களில் இருக்கும். ஒரே ஒரு பிரதி உள்ளவைதான் குப்பைக்குப் போகின்றன.

கவிமணியை நினைத்துக்கொள்ளுங்கள். 1876இல் தேரூரில் பிறந்து, 1954இல் புத்தேரியில் மறைந்தவர். மலரும் மாலையும், ஆசிய ஜோதி என்று நாம் சொல்வதெல்லாம் அச்சுக் கவிமணி. அதே மனிதர் கல்வெட்டு படித்தார், காந்தளூர்ச் சாலை பற்றி ஆராய்ந்து எழுதினார். அப்படிப்பட்டவர் வீட்டுக் காகிதங்களில் "செய்யுள் மட்டும் போதும்" என்று ஒருவர் பிரித்தால், பாதி ஆள் காணாமல் போவார். சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழிச் சண்டையை அவர் மான்மியமாகவே பாடி வைத்தார். நிலத்துக்கும் நெல்லுக்கும் அத்தனை வழக்கு நடந்த நாஞ்சில் நாட்டில், காகிதப் பெட்டி எனக்கு வேண்டும் என்று யாராவது சண்டை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டில் கிடைத்த கடிதக் கட்டைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது: அவர் நண்பரின் கடிதத்தையும் அதற்குத் தாம் எழுதிய பதிலின் வரைவையும், அந்த ஊடாட்டத்தில் பிறந்த கவிதையையும் ஒன்றாகச் செருகி வைத்திருந்திருக்கிறார். வரைவுகளில் பாதிக்குத் தேதி இல்லை. எது எதற்குப் பதில் என்பது கட்டிலிருந்த வரிசைக்கு மட்டுமே தெரியும். அந்த வரிசையைக் கலைத்தவன் நான்தான். ஆகவே பெட்டியைத் திறந்ததும் முதலில் கையை வைக்காதீர்கள், போனை எடுங்கள். கிடந்த கிடையிலேயே மேலிருந்து ஒரு படம், ஒவ்வொரு அடுக்கை எடுக்கும்போதும் ஒரு படம். உறையையும் தூக்கிப் போட வேண்டாம். திருவிதாங்கூர் தனியாக நடத்திவந்த அஞ்சல் 1951இல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. சங்கு முத்திரை உள்ள அஞ்சல் உறை என்றால், தேதியில்லாத கடிதத்துக்கும் ஓர் எல்லை கிடைத்துவிடும்.

நம் மாவட்டத்தின் பெரிய எதிரி ஈரம். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, நடுவில் கடற்காற்று. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூசணம் பிடிக்க வழி கிடைத்துவிடும். மச்சில் ஓட்டுக்கு நேர் கீழேயும், மேற்குச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். தரையிலிருந்து அரையடியாவது உயரம் வேண்டும். பாலித்தீன் பையில் கட்டி வைப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், உள்ளே வேர்த்துப்போகும். துவைத்த பருத்தித் துணியில் பொதிந்து, நாடாவால் தளர்வாகக் கட்டினால் போதும். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டும், ஸ்டேப்ளர் பின் துருவேறும், செல்லோ டேப் பத்து வருடத்தில் எண்ணெய்க் கறையாக மாறும். துருப்பிடித்த பின்னைப் பிடித்து இழுக்காதீர்கள், தாளோடு வரும். பாச்சா உருண்டை பூச்சிக்கு ஓரளவு ஆகும், பூசணத்துக்கு ஆகாது. வேப்பிலை, வசம்பை யாராவது சொன்னால், தாளின் மேல் படாமல் துணியில் முடிந்து வையுங்கள். காய்ந்த இலையின் கறை தாளில் இறங்கும்.

2017இல் ஒக்கி புயல் வந்தபோதும், 2021 நவம்பர் மழையிலும் எனக்கு வந்த அழைப்புகள் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகுதான். நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூசணம் தொடங்கிவிடும். வெயிலில் காயப்போடாதீர்கள், சுருண்டு வெளுத்துவிடும். நிழலில், மின்விசிறியின் காற்று நேரே படாதபடி, அச்சில்லாத வெள்ளைத் தாளின் மேல் பரத்துங்கள். அத்தனையையும் பரத்த இடமில்லையா? சிறு சிறு கட்டாகப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் மேல் அறையில் வைத்துவிடுங்கள். உறைந்துகிடக்கும் வரை பூசணம் வளராது, நிதானமாக ஆள் தேடலாம். மீனை எங்கே வைக்க என்று ஒரு அக்கா கேட்டார். இரண்டு நாளைக்கு மீன் வாங்காதீங்க என்றேன். முறைத்தார், ஆனால் வைத்தார்.

மைப்பென்சிலால் எழுதிய தாள் இருந்தால் இன்னும் கவனம். பார்க்கச் சாதாரணப் பென்சில் மாதிரி இருக்கும், ஒரு சொட்டு ஈரம் பட்டால் ஊதாவாகப் பரவிவிடும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கமுள்ள பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்குக் கொடுப்பதென்றால், வாய்ப்பேச்சில் விடாமல், என்னென்ன கொடுத்தோம், யார் பார்க்கலாம், எப்போதிலிருந்து பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: வீட்டுக்கு வந்த கடிதத்தின் தாள் உங்களுடையது, அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. வாழ்நாளில் வெளியானவற்றுக்கு, ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு உரிமை உண்டு. அவர் இறந்தபின் முதன்முதலாக வெளியாகும் எழுத்துக்கு, வெளியான ஆண்டு முடிந்து 60. ஃபேஸ்புக்கில் போடுமுன் யோசியுங்கள்.

பழையாற்றங்கரை வீட்டில் லேமினேஷனுக்குத் தப்பிய கட்டு ஒன்று இருந்தது. சிவப்பு நூல் சுற்றிய இருபது, முப்பது கடிதங்கள். யாருடைய கையெழுத்து என்று மருமகளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குச் சொல்லவில்லை. "இத எரிச்சிரட்டுமா தம்பி? நாலு பேரு படிச்சா மாமாவுக்குத்தான் அசிங்கம்." எரிக்க வேண்டாம், மூடி வைக்கலாம் என்றேன். நூலோடு அப்படியே அமிலமில்லா உறைக்குள் வைத்து ஒட்டினோம். அவர் குறுக்கே கையெழுத்துப் போட்டார். நானும் பிரித்துப் பார்க்கவில்லை. உறையின் மேல் பென்சிலில் 2045 என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.