நரிவெங்காயம் ஏன் இலையே இல்லாமல் பூக்கிறது?

நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று திருகோணமலையிலிருந்து கரையோடு வடக்கே போகும்போது, ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மேடும் பற்றையுமாக இன்னும் கொஞ்ச நிலம் மிச்சமிருக்கிறது. கச்சான் காற்றில் எல்லாம் காய்ந்து கருகிக் கிடக்கிற காலத்தில் அந்தப் பக்கம் மணலிலிருந்து ஒரு மொட்டைத் தண்டு நேராகக் கிளம்பி நிற்பதைக் கண்டால் கிட்டப்போய்ப் பாருங்கள். அடியில் ஒரு இலைகூட இருக்காது. மேல்பாதியில் மட்டும், மெல்லிய காம்புகளில் தலைகுனிந்த சின்னச் சின்னப் பூக்கள், ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு. ஆறு இதழ், பச்சையும் பழுப்பும் கலந்த மங்கல் வெள்ளை, ஒவ்வொரு இதழின் நடுவிலும் ஒரு கோடு. அதுதான் நரிவெங்காயம்.

அழகான பூ என்று சொல்ல மாட்டேன். ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள்கூட இல்லை, மாலையில் விரிந்து அடுத்த நாளே வாடிப்போகும். தூரத்திலிருந்து பார்த்தால் காய்ந்த குச்சி. கண்ணில் படாமல் போவதில் ஆச்சரியம் என்ன?

சரி, இலை இல்லாத செடிக்குப் பூக்கச் சக்தி எங்கிருந்து வருகிறது? போன மாரியிலிருந்து. எங்கள் மாவட்டத்து மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும், ஜூன் மாதம் மணல் கொதிக்கும். இலை என்பது தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிற உறுப்பு, கோடையில் அதை வைத்திருந்தால் நட்டம்தான். அதனால் ஈரம் இருக்கும் மாதங்களில் இலை விட்டு, வெயிலில் மாவுச்சத்து வகைகளைச் செய்து, எல்லாவற்றையும் நிலத்துக்கு அடியில் இருக்கும் கிழங்கில் இறக்கிவிட்டு இலையைக் கருக விட்டுவிடுகிறது. மாரி வெள்ளாமை நெல்லைக் கட்டிவைத்து வருசம் முழுக்கச் சாப்பிடுகிற குடும்பக் கணக்குத்தான்.

கிழங்கு என்று சொன்னாலும், வெட்டிப் பார்த்தால் நம் வெங்காயம் போலவே அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்குகள் உண்மையில் தடித்துப்போன இலை அடிகள். அடியில் இருக்கும் தட்டையான பகுதிதான் தண்டு, அதிலிருந்துதான் பூத்தண்டும் வேரும் கிளம்பும். ஆனால் வெட்டும்போது கண் எரியாது, வெங்காய வாசமும் வராது. வழவழவென்று ஒரு பசை ஒட்டும், கொஞ்ச நேரத்தில் கை அரிக்கும். பசைக்குள் இருக்கும் ஊசி போன்ற கல்சியம் ஒக்சலேற்றுப் படிகங்கள் தோலில் குத்துவதால் வருகிற அரிப்பு அது.

எனக்கு இந்தச் செடி வகைகளில் மிகவும் பிடித்த விசயம் வேர். விதை மணலின் மேலேயே முளைக்கிறது, அங்கே பகலில் சுடும், இரவில் ஆறும், கிழங்கு அங்கேயே இருந்தால் வெந்துபோகும். அப்படியானால் அது எப்படி ஆழத்துக்குப் போகிறது? வேர்தான் இழுக்கிறது. சுருங்கு வேர்கள் என்று ஒரு வகை உண்டு. கீழே போய் மண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகு, அவற்றின் உள்ளே இருக்கும் கலங்கள் அகலத்தில் ஊதி நீளத்தில் குறுகும். வேர் முழுக்கச் சுருக்கம் விழும், கிழங்கு கொஞ்சம் கீழே இறங்கும். இப்படி ஒவ்வொரு மாரியும் கொஞ்சம் கொஞ்சமாக. ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் சூட்டு வித்தியாசம் குறைவு, நின்ற ஈரமும் கொஞ்சம் இருக்கும்.

பூக்கும் நேரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வெயிலில் பூத்தால், மழைக்கு முன்னமே காய் முற்றி வெடித்துவிடும். விதைகள் கறுப்பாக, தட்டையாக, ஓரத்தில் காகிதம் போன்ற மெல்லிய சிறகோடு இருக்கும். மறைக்க இலை இல்லாத மொட்டைத் தண்டு காற்றில் ஆட ஆட அவை பறந்து விழும், முதல் மழை வரும்போது நிலத்தில் காத்திருக்கும்.

இவ்வளவு சேமிப்பை மண்ணுக்குள் வைத்திருக்கிற செடியைப் பன்றியும் எலியும் தோண்டித் தின்னாதா என்று கேட்கலாம். அதற்குத்தான் நஞ்சு. இதயத் தசைக் கலங்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்பு ஒன்று உண்டு, நரிவெங்காயத்தின் நஞ்சு அதை அடைத்துவிடும். தேரையின் தோலில் சுரக்கிற நஞ்சும் இதே இரசாயனக் குடும்பம்தான். மிகக் குறைந்த அளவில் இது இதய மருந்தாகவும் இருந்திருக்கிறது, ஆனால் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் உள்ள தூரம் மிகச் சிறியது. ஆகவே நாட்டுவைத்தியம் என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக வாயில் வைத்துவிடாதீர்கள். இதன் மத்தியதரைக்கடல் உறவுக்காரச் செடியை எலிப் பாசாணமாகவே பயன்படுத்தினார்கள்: எலிக்கு வாந்தி எடுக்க முடியாது, மற்றப் பல மிருகங்கள் கக்கிவிடும்.

வறட்சி, மேய்ச்சல், மேலால் ஓடிப்போகும் பற்றைத் தீ, இவையெல்லாம் ஆழத்தில் இருக்கும் கிழங்கை அவ்வளவாகத் தொடாது. ஹோட்டலுக்கென்று மணல் மேட்டை டோசரால் வழித்து மட்டப்படுத்துவது வேறு கதை. அது மேல் மண்ணோடு கிழங்கையும் அள்ளிக்கொண்டு போகிறது, அதுவும் பெரும்பாலும் கோடையில், இலையும் இல்லாமல், அங்கே ஒரு செடி இருக்கிறது என்பதற்கு அந்த மொட்டைத் தண்டைத் தவிர வேறு எந்த அடையாளமும் இல்லாத மாதங்களில்.