உடைந்த திரையை வீட்டில் கழற்றத் துணிவதற்கு முன்

கடந்த மார்கழி மழையில், உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் தமது கைத்தொலைபேசியைச் சொப்பிங் பையில் இறுகச் சுற்றிக்கொண்டு நிலாவெளியிலிருந்து என் திருத்தகத்துக்கு வந்தார். திரையின் மேற்கண்ணாடி மட்டுமே வெடித்திருந்தது. படமும் தொடுகையும் பழுதின்றி இருந்தன. ஆனால் காணொளி ஒன்றைப் பார்த்து, பின்மூடியை ஹெயார் டிரையரால் சூடாக்கித் திறந்து, ஒட்டியிருந்த பற்றரியைச் சமையலறைக் கத்தியால் நெம்பியிருந்தார். பையை அவிழ்த்ததும் நெயில் பொலிஷ் போன்ற இனித்த வாசனை எழுந்தது. பற்றரியின் வெள்ளி நிற உறையில் அரிசிமணி அளவில் ஒரு துளை தெரிந்தது. உடனே அதை வாசலில் வைத்திருக்கும் மணல் வாளிக்குள் இட்டேன். லித்தியம் அயன் பற்றரியின் உள்ளே நேர், எதிர் தகடுகளைப் பிரிப்பது மிக மெல்லிய படலமே; கத்தி நுனி அதைக் கிழித்தால் இரண்டும் முட்டி, நொடிப்பொழுதில் தீப்பற்றக்கூடும். அந்தப் பிள்ளையின் கை தப்பியது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

இன்றைய தொலைபேசிகள் பெரும்பாலானவற்றில் மேற்கண்ணாடி, தொடுபடலம், ஒளிரும் திரை ஆகிய மூன்றும் தெளிந்த பசையால் ஒன்றாக ஒட்டப்பட்டவை. கண்ணாடியை மட்டும் பிரிப்பதற்குச் சூட்டைச் சீராக வைத்திருக்கும் தட்டும், மெல்லிய கம்பியும், குமிழி நீக்கும் இயந்திரமும் வேண்டும். ஆகவே வீட்டில் இயலுவது முழு டிஸ்பிளேயையும் மாற்றுவது மட்டுமே. பற்பசை பூசினால் வெடிப்பு மறையும் என்பது பொய். சுப்பர் குளூ விட்டால் அதன் ஆவி கண்ணாடியை வெண்மையாக்கிவிடும்.

அதற்காக வெடித்த திரையை அப்படியே விட்டுவைப்பதும் சரியன்று, குறிப்பாக நம் ஊரான திருகோணமலையில். உப்புவெளியிலும் துறைமுகக் கரையிலும் வீசும் உப்புக்காற்று அந்த வெடிப்பின் வழியே உட்புகுந்து, இணைப்பிகளில் பச்சைக் களிம்பு பூக்கச் செய்வதை உருப்பெருக்கியின் கீழ் வாராவாரம் பார்க்கிறேன். வெடித்த அன்றே அகலமான செலோடேப்பை ஒட்டுங்கள். கண்ணாடித் தூள் விரலில் ஏறாது, ஈரமும் ஓரளவு தடைப்படும். அடுத்து, படங்களையும் குறிப்புகளையும் பிரதி எடுங்கள். தொடுகை வேலை செய்யாவிட்டாலும் படம் தெரிந்தால், பெரும்பாலான அன்ட்ரொய்ட் தொலைபேசிகளில் ஓடிஜி இணைப்பி (யூஎஸ்பி கருவிகளைத் தொலைபேசியில் பொருத்த உதவும் சிறு இணைப்பி) வழியே கணினி மவுஸைப் பொருத்தி இயக்கலாம். அந்த மாணவருக்கும், வேறு பற்றரி போட்ட பின், வகுப்புக் குறிப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

இவற்றின் பின்னரும் நீங்களே மாற்ற முனைந்தால், சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழ் இறங்கிய பிறகு தொலைபேசியை அணைத்துத் திறவுங்கள். திறந்தவுடன் முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள். நெம்புவதற்குப் பிளாஸ்டிக் அட்டையைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கில் தாளில் ஒட்டி வையுங்கள். நீளமான ஆணி குட்டையானதன் இடத்தில் இறங்கினால் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையின் இழைகளை அறுத்துவிடும். டிஸ்பிளே வாங்கும்போது அது எந்த வகைத் திரை, தானே ஒளிரும் ஓஎல்ஈடியா, பின்விளக்கால் ஒளிரும் எல்சிடியா என்று கேளுங்கள். ஓஎல்ஈடி இருந்த இடத்தில் மலிவான எல்சிடியைப் போட்டால், திரைக்குள் இருக்கும் கைரேகை உணரி பெரும்பாலும் இயங்காது. எது போட்டாலும், ஒருமுறை திறந்த தொலைபேசியின் நீர்த்தடுப்பை இனி நம்ப வேண்டாம்.

பற்றரி உப்பியிருந்தாலோ இனித்த வாசனை வந்தாலோ அதை அழுத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், பையில் கட்டாதீர்கள். வெளியே காய்ந்த மணலில் வைத்துவிட்டு, திருத்துநரை அழையுங்கள்.