எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்

"சார், ஜிஎல்பிஐ நல்லதா, லான்ஸ்வீப்பர் நல்லதா? வெப்மின் போட்டாலே போதும்னு ஒருத்தர் சொல்றாரே, அப்படியா?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. முதல் இரண்டும் அலுவலகக் கணினிகளைக் கணக்கெடுப்பவை, வெப்மின் சர்வரை ஆள்வதற்கானது. அவற்றை ஒரே வரிசையில் வைத்து ஒருவர் கேட்கும்போதே, அந்த அலுவலகத்தில் எத்தனை மெஷின் ஓடுகிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது என்று புரிந்துவிடுகிறது. இதுவரை போனிலேயே பதில் சொல்லி முடித்துக்கொண்டிருந்தேன். சமீபத்தில் பார்த்த ஒரு கேஸுக்குப் பிறகு, எழுதிவிடுவதுதான் சரி என்று தோன்றியது.

திருப்பூர்ப் பக்கம் ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனம். ரேன்சம்வேர் புகுந்து ஃபைல்களை எல்லாம் பூட்டிய பிறகுதான் கூப்பிட்டார்கள். கணினிகளைக் கணக்கெடுக்க அங்கே மென்பொருள் இருந்தது. காசு கொடுத்து வாங்கியது. டேஷ்போர்டில் எல்லா மெஷினும் பச்சை. ஆனால் தாக்கியவர்கள் உள்ளே வந்தது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 ஓடிய ஒரு பழைய பெட்டி வழியாக. அந்தப் பதிப்புக்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவும் 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய பில்லிங் கணக்கு அதில் இருந்ததால் அணைக்காமல் ஸ்டோர் ரூமில் வைத்திருந்தார்கள். ஆடிட்டர் வெளியிலிருந்து பார்க்க வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்பை ரௌட்டரில் திறந்துவிட்டிருந்தார்கள். திறந்துவிட்டவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். மென்பொருளின் பட்டியலில் அந்த சர்வர் இல்லை. கணினிக்குள் இருந்து அதன் விவரத்தை அனுப்பும் ஏஜென்ட் என்ற சின்ன நிரலை அதில் போடவில்லை. அப்படி ஒரு பெட்டி இருப்பதே புதிதாக வந்த ஐடி ஆளுக்குத் தெரியாதபோது எப்படிப் போடுவார்?

"மென்பொருள் போட்டுவிட்டோம், இனி எல்லாவற்றையும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கைதான் என்னை மிகவும் வருத்துகிறது. கண்டுபிடிக்காது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏஜென்ட் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓசிஎஸ் இன்வென்டரி, ஜிஎல்பிஐ ஏஜென்ட் எல்லாம் இந்த வகை. நீங்கள் எந்த மெஷினில் நிறுவுகிறீர்களோ, அந்த மெஷினைப் பற்றித்தான் அது முதலில் சொல்லும். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெஷினில்தானே நிறுவ முடியும்? மறந்துபோன மெஷின்தான் ஆபத்தானது, அதில்தான் ஏஜென்ட் இருக்காது. சரி, ஸ்கேன் வகைக்குப் போவோம். லான்ஸ்வீப்பர் பெரும்பாலும் இந்த வழியில்தான் அறிமுகமானது. எந்த ஐபி வரம்பைக் கொடுத்தீர்களோ, அதற்குள்தான் தேடும். ஸ்கேன் ஓடும் நேரத்தில் அணைந்திருக்கும் கணினி சிக்காது, விற்பனைப் பிரதிநிதி வீட்டுக்குக் கொண்டுபோன லேப்டாப் சிக்காது, வேறு விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதியில்) இருக்கும் சிசிடிவி ரெக்கார்டர் சிக்காது. ஃபயர்வால் தடுத்தால், சிக்கினாலும் வெறும் ஐபி முகவரியாகத்தான் நிற்கும். அதன் உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிய லாகின் வேண்டும்.

இது சின்ன நிறுவனங்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்தில் 2017-ல் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. இணையச் செயலிகளை உருவாக்கப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே பேட்ச் (திருத்தம்) வந்துவிட்டது. சரிசெய்யச் சொல்லி உள்ளுக்குள் மின்னஞ்சலும் போனது. ஸ்கேனும் போட்டார்கள். பாதிக்கப்பட்ட சர்வர் அந்த ஸ்கேனில் சிக்கவில்லை. முழுமையான ஐடி சொத்துப் பட்டியல் அங்கே இல்லாததை, அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை பின்னர் தனியாகவே சுட்டிக்காட்டியது.

பட்டியலில் வந்துவிட்டால் மட்டும் அது சரியாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிப் பொருத்திய அசெம்பிள்டு கணினிகள் நம் அலுவலகங்களில் ஏராளம். பல மதர்போர்டுகளில் சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் 'டு பி ஃபில்ட் பை ஓ.இ.எம்.' என்ற வாசகம்தான் இருக்கும். தயாரிப்பாளர் நிரப்ப வேண்டிய இடம், யாரும் நிரப்பவில்லை. சீரியல் நம்பரை மட்டும் வைத்து அடையாளம் காணும்படி மென்பொருளை அமைத்திருந்தால், இருபது கணினிகள் ஒரே கணினியாகச் சுருங்கிவிடும். ஒரே டிஸ்க் இமேஜை (ஒரு கணினியின் டிஸ்க்கை அப்படியே எடுத்த நகலை) எல்லா மெஷினிலும் காப்பி அடிப்பவர்களுக்கும் இதே கதிதான். ஏஜென்டின் அடையாள எண்ணும் சேர்ந்து காப்பியாகிவிட, ஒன்றின் விவரத்தை இன்னொன்று அழித்து எழுதிக்கொண்டே இருக்கும். திரையில் பார்த்தால் ஒரே கணினியின் பெயர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறும். புதிதாக ஏஜென்ட் போட்டவர்கள் முதல் வாரத்திலேயே ஒரே சீரியல் நம்பரில் எத்தனை மெஷின் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இமேஜ் எடுப்பதாக இருந்தால், ஏஜென்டின் அடையாளத்தை நீக்கிவிட்டு எடுங்கள்.

அப்புறம் ஒப்பீடு. கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் ஓசிஎஸ், ஜிஎல்பிஐ, லான்ஸ்வீப்பர், அல்லது நம் சென்னை ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் தயாரிப்புகள். இவற்றில் ஜிஎல்பிஐ 10-ஆம் பதிப்பிலிருந்து தனக்கென ஏஜென்ட் வைத்திருக்கிறது. அதற்கு முன் வேறொரு செருகு நிரலையோ ஓசிஎஸ்ஸையோ நம்பி இருந்தது. புகார் டிக்கெட்டையும் கணினிப் பட்டியலையும் ஒரே இடத்தில் வைக்க நினைக்கும் சின்ன அலுவலகத்துக்கு நான் ஜிஎல்பிஐயைத்தான் சொல்வேன். காசில்லாமல் கிடைக்கும், ஆனால் பராமரிக்க ஆள் வேண்டும்.

எந்த லேப்டாப் யார் கையில் இருக்கிறது, வாரண்டி எப்போது முடிகிறது, எந்த பில்லில் வாங்கியது என்று தெரிய வேண்டுமென்றால் ஸ்னைப்-ஐடி. அது எதையும் தேடிக் கண்டுபிடிக்காது. நீங்கள் பதிவு செய்வதை ஒழுங்காக வைத்துக்கொள்ளும், லேபிள் அச்சிட்டுத் தரும். ரேக், கேபிள், ஐபி முகவரிகளுக்கு நெட்பாக்ஸ். பத்து சர்வர் வைத்திருப்பவருக்கு அது தேவைப்படாது.

சர்வரை ஆள்வது வேறு வேலை. ஒன்றிரண்டு லினக்ஸ் சர்வர் என்றால், பிரௌசர் வழியாக ஆள உதவும் காக்பிட் போதும். தனியாகப் பயனர் பட்டியல் வைத்துக்கொள்ளாமல் சிஸ்டத்தின் லாகினையே பயன்படுத்துவதால் எனக்கு அது பிடிக்கும். வெப்மினில் வசதிகள் அதிகம், அதற்கேற்ப கவனமும் அதிகம் வேண்டும். எண்ணிக்கை கூடிவிட்டால், பல சர்வர்களை ஒரே நேரத்தில் அமைக்கும் அன்சிபிள் கற்றுக்கொள்ளுங்கள். எதை மாற்றினோம் என்பது ஒரு ஃபைலில் எழுத்தாக நிற்கும். வேலையை விட்டுப் போகிறவர் அதைத் தலைக்குள் எடுத்துக்கொண்டு போக முடியாது. ஜாபிக்ஸ், சர்வர்கள் சரியாக ஓடுகின்றனவா என்று கண்காணிக்க மட்டும். அதைச் சொத்துப் பதிவேடாக நினைத்து ஏமாறாதீர்கள்.

இனி நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. இந்தக் கருவிகளில் பலவற்றின் கையில் உங்கள் எல்லா மெஷினின் சாவியும் இருக்கிறது. இவற்றை வெளி இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். ஜிஎல்பிஐயை நிறுவியதும் 'ஜிஎல்பிஐ' என்ற பயனருக்குப் பாஸ்வேர்டும் 'ஜிஎல்பிஐ'தான், 'டெக்' என்பவருக்கு 'டெக்'தான். மாற்றச் சொல்லி முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கை அப்படியே நிற்க, மாதக்கணக்கில் வேலை செய்யும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இன்றைக்கே மாற்றுங்கள். 2022 செப்டம்பரில் அதே ஜிஎல்பிஐக்கு அவசரப் பதிப்பு வந்தது. கூடவே வந்த ஒரு வெளி நூலகத்தின் சோதனை ஃபைல் வழியாக, லாகின் இல்லாமலேயே சர்வரில் கட்டளை ஓட்ட முடிந்தது. வெப்மின் கதை இன்னும் மோசம். அதன் பதிப்புகளைத் தயாரிக்கும் சர்வரிலேயே யாரோ புகுந்து கள்ளக் கதவு வைத்தார்கள். 2019 ஆகஸ்டில்தான் அது வெளியே தெரிந்தது. 1.890 பதிப்பை அப்படியே நிறுவியவர்களின் சர்வருக்குள் பாஸ்வேர்டே இல்லாமல் ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, நுழைய முடிந்தது. 2021 ஜூலையில் கசேயா விஎஸ்ஏ என்ற நிர்வாகக் கருவி வழியாகவே ரேன்சம்வேர் பரவியது. 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கசேயாவே சொன்னது.

ஆகவே வெப்மினின் 10000, காக்பிட்டின் 9090 போன்ற போர்ட்களை (இணைப்பு வாயில்களை) வெளியே திறக்காதீர்கள். விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக மட்டும் வாருங்கள். ஸ்கேன் செய்யும் கணக்குக்கு டொமைன் அட்மின் உரிமை (எல்லாக் கணினிகள் மீதும் அதிகாரம்) கொடுக்காதீர்கள், படிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும். ஸ்விட்சுகளில் விவரம் கேட்கப் பயன்படும் எஸ்என்எம்பியின் கம்யூனிட்டியை (பாஸ்வேர்ட் போன்ற சொல்லை) 'பப்ளிக்' என்றே விட்டுவைக்காதீர்கள். கணக்கெடுக்கும் கருவியையே பட்டியலில் சேர்க்க மறப்பவர்கள் அதிகம். அதற்கும் பேட்ச் உண்டு, பேக்கப் உண்டு.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, அதில் பட்டியலிட்டுள்ள சைபர் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தாக்குதல் நடந்த இரவில் எந்த சர்வர், எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு என்று தேடிக்கொண்டிருந்தால் அந்த 6 மணி நேரம் அதிலேயே கரைந்துவிடும். உங்கள் ஐடி ஆளை பிரின்டர் ரிப்பேருக்கே ஓடவிடாமல், இதற்கென்று இரண்டு நாள் ஒதுக்கிக் கொடுங்கள்.

ஐடி தம்பிமார்களே, தங்கைகளே, அந்த இரண்டு நாளில் செய்ய வேண்டியது இதுதான். முதல் நாள் நோட்டும் பேனாவுமாக ஒவ்வொரு அறைக்கும் போங்கள், ஸ்டோர் ரூமையும் செக்யூரிட்டி அறையையும் விடாதீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண் ஒட்டுங்கள், பக்கத்தில் பொறுப்பாளரின் பெயரை எழுதுங்கள். துறையின் பெயர் போதாது, ஆளின் பெயர் வேண்டும். இரண்டாம் நாள் ஸ்விட்சுகளின் மேக் முகவரி (ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) பட்டியலையும், ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபியின் பட்டியலையும் எடுத்து, மென்பொருள் காட்டும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ரௌட்டரில் எந்தெந்த போர்ட் வெளியே திறந்திருக்கிறது, யாருக்காக என்பதையும் அன்றே குறித்துவிடுங்கள். ஒரு மாதமாகப் பேசாத ஏஜென்ட் எது என்றும் பாருங்கள். ஸ்விட்சில் இருந்தும் மென்பொருளின் பட்டியலில் இல்லாத முகவரி சிக்கினால், ஸ்விட்ச் போர்ட்டிலிருந்து கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். போய்ச் சேரும் பெட்டி பழையது என்று உடனே அணைத்துவிடாதீர்கள். அக்கவுன்ட்ஸில் கேளுங்கள், பேக்கப் எடுங்கள், வெளியே திறந்திருக்கும் போர்ட்டை மட்டும் அந்த நிமிடமே மூடிவிடுங்கள்.