பருப்புக்குள் ஒரு கட்டுச்சோறு

பச்சைப்பயறை உடைத்தால் இரண்டாகப் பிரியும். பாசிப்பருப்பு என்று நாம் சமைக்கும் அந்த ஒவ்வொரு பாதியும் உண்மையில் ஓர் இலை. வித்திலை என்று பெயர். நெல்லிலும் கோதுமையிலும் முளைக்கு வேண்டிய உணவு கருவுக்கு வெளியே தனியாக இருக்கும். பயறு வகைகளில் கரு அதை முன்கூட்டியே உறிஞ்சி, தன் இரண்டு வித்திலைகளிலும் அடைத்துவைத்துக்கொள்கிறது. நாம் சாம்பாரில் வேகவைப்பது அந்தக் கட்டுச்சோற்றைத்தான். செடியாக வேண்டிய பகுதி, பருப்பின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மிகச் சின்ன ஒரு குருத்து மட்டுமே.

காய்ந்த பயறில் ஈரம் ஏறக்குறைய 10 சதவீதம். அந்த வறட்சியில் உயிரின் வேலைகள் நின்றுபோனது போலவே இருக்கும். ராத்திரி ஊறப்போட்டால் காலைக்குள் எடை ஏறக்குறைய இரு மடங்காகிறது. உள்ளே மூச்சு தொடங்கிவிட்டது. விதை முதலில் செலவழிப்பது ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சிறு சர்க்கரைகளை. நம் குடலால் செரிக்க முடியாமல் வாயுவாக மாறுபவையும் இவைதான். முளைகட்டிய பயறு வயிற்றைக் குறைவாகத் தொந்தரவு செய்வது இதனால்தான்.

அப்புறம் பெரிய மூட்டைகள் அவிழ்கின்றன. பயறின் எடையில் பாதியளவு மாவுச்சத்து. அதை அமிலேஸ் என்ற நொதி துண்டாக்க, அது சர்க்கரையாகிக் குருத்துக்குப் போகிறது. கால் பங்கு அளவுக்கு இருக்கும் புரதத்தை வேறு நொதிகள் அமினோ அமிலங்களாக வெட்டுகின்றன. இவ்வளவு புரதம் எதற்கு? செடி வளர நைட்ரஜன் வேண்டும்; புரதம் அதன் சேமிப்பும்கூட. வேர் முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா குடியேறி, காற்றிலிருந்து நைட்ரஜன் பிடித்துத் தர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரைக்கும் பெரும்பாலும் இந்தக் கையிருப்புதான். பைட்டிக் அமிலத்தில் கட்டிவைத்திருந்த பாஸ்பரஸும் இந்த நாட்களில் விடுபடுகிறது.

என்னை வியக்கவைப்பது வேர்க்கடலை. அதன் எடையில் பாதியளவு எண்ணெய். முளைக்கும்போது அந்த எண்ணெய் சர்க்கரையாக மாறுகிறது. கொழுப்பு அமிலத்திலிருந்து சர்க்கரை செய்வது நம் உடலுக்குக் கைவராத வித்தை. விதைகள் அதைச் செய்யும் வழியை ஹான்ஸ் கோர்ன்பெர்கும் ஹாரி பீவர்ஸும் 1957இல் ஆமணக்கு விதையில் கண்டுபிடித்தார்கள்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க முளைப்பாரியைவிட நல்ல இடம் இல்லை. இருட்டறையில் வளரும் அந்த வெளிர்மஞ்சள் தண்டுகள் ஒரு துளி வெயிலைக்கூடப் பார்த்ததில்லை. அவற்றின் முழு உயரமும் விதையிலிருந்த உணவும் நாம் தெளித்த தண்ணீரும்தான். நீரை நீக்கிவிட்டு எடை போட்டால், முளைத்த பயறு விதையாக இருந்ததைவிடக் குறைவாகவே நிற்கும். மூச்சுவிட்டதில் கொஞ்சம் கரியமில வாயுவாகப் போய்விட்டது.

வயலில் துவரையும் கொண்டைக்கடலையும் வித்திலைகளை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடும். பச்சைப்பயறு அவற்றைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. முதல் இலைகள் விரிந்து வெயிலில் உணவு செய்யத் தொடங்கும் நாட்களில், தடித்துக் கிடந்த வித்திலைகள் மெலிந்து சுருங்கி, தொட்டாலே உதிர்ந்துவிடும்.