ராத்திரியில் நின்று நின்று வரும் மூச்சு

பெரியப்பா இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய மூன்றாவது ராத்திரி, பெரியம்மா என்னை எழுப்பி "மூச்சே வரலைடா, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தால் மார்பு அசையவில்லை. செல்போனில் வினாடி எண்ணினேன். இருபதைத் தாண்டியதும் மெல்லிசாக ஒரு மூச்சு, அடுத்தது கொஞ்சம் பெரிசு, அதற்கடுத்தது இன்னும் பெரிசு என்று ஏறி, மூன்று மாடி ஏறி வந்தவர் மாதிரி மேல்மூச்சு வாங்கி, அப்படியே இறங்கி மறுபடி நின்றுவிட்டது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்.

இதற்குச் செயின்-ஸ்டோக்ஸ் சுவாசம் என்று பெயர். 1818இல் டப்ளினில் ஜான் செயின் என்ற மருத்துவர் அறுபது வயது நோயாளி ஒருவரிடம் பார்த்து எழுதி வைத்தார். அவர் குறித்த சுற்றும் ஒரு நிமிடம்தான். 1854இல் அதே ஊர் வில்லியம் ஸ்டோக்ஸ் இதை இதய நோயோடு சேர்த்து விவரித்தார்.

பார்க்கிறவர்களுக்கு நுரையீரல் கோளாறு என்றுதான் தோன்றும். கணக்குத் தப்புவது மூளையின் அடியில் இருக்கும் முகுளத்தில். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூச்சை வேகப்படுத்துவதும் குறைந்தால் தளர்த்துவதும் அதன் வேலை. விழித்திருக்கும்போது அந்த விழிப்பே மூச்சை ஓட்டிக்கொண்டிருக்கும். தூங்கினால் அந்தத் துணை இல்லை. வாயு ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் மூச்சு விடச் சொல்லும் கட்டளையே கிளம்பாது.

கனமான இரும்பு தோசைக்கல்லில் பொறுமை இல்லாதவர் தோசை ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கல் காயவில்லை என்று அடுப்பைக் கூட்டுவார், சூடு மேலே வருவதற்குள் இன்னும் கூட்டுவார், தோசை தீய்ந்துவிடும்; பதறிக் குறைப்பார், அடுத்த தோசை வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். கல்லின் தாமதம் ஒன்று, கையின் பதற்றம் ஒன்று. இதயம் சுணங்கும்போது நுரையீரலில் கிளம்பிய ரத்தம் மெதுவாகத்தான் தலைக்குப் போகிறது, முகுளத்துக்குக் கிடைப்பது பழைய செய்தி. ஆனால் தாமதம் மட்டும் போதாது: 1956இல் உடலியல் ஆய்வாளர் ஆர்தர் கைட்டன் குழு நாய்களின் இதயத்துக்கும் தலைக்கும் நடுவே நீளக் குழாய் வைத்து, நோயாளிகளிடம் காண்பதைவிடப் பல மடங்கு தாமதப்படுத்தியும் எல்லா நாய்க்கும் இந்த மூச்சு வரவில்லை. பதற்றம் எங்கிருந்து வருகிறது? படுத்ததும் கால் வீக்கத்து நீர் மேலேறி நுரையீரலில் தேங்குகிறது, அங்கே இருக்கும் ஜே உணர்விகள் (கண்டுபிடித்தவர் நம் நாட்டு ஏ.எஸ். பெயின்டல்) மூச்சை விரட்டுகின்றன, வாயு அந்த அளவுக்குக் கீழே போய்விடுகிறது.

தலையில் மின்முனை ஒட்டி மூளை அலைகளைப் பார்த்தால்தான் வேடிக்கை. தொண்டை அடைத்துக் குறட்டை விடுகிறவர் பெரும்பாலும் அடைப்பு விடுபடும் நேரத்தில்தான் விழிப்பார். இங்கே மூச்சு நின்றிருக்கும்போது அலைகள் சாந்தமாகத் தூங்குகின்றன. மூச்சு உச்சத்துக்குப் போகும்போதுதான் விழிப்பின் அலைகள் வெட்டுகின்றன. அந்த விழிப்பு மூச்சை இன்னும் தூண்ட, வாயு இன்னும் குறைய, அடுத்த நிறுத்தம் தயார். நாம் பதறுவது ஒரு நேரம், அவர் தூக்கம் கெடுவது வேறு நேரம்.

சரி, மெஷின் வைத்து மூச்சைச் சீராக்கிவிட்டால்? குறைகிற மூச்சை மட்டும் நிரப்பும் கருவியை 1,325 பேரிடம் சோதித்து 2015இல் முடிவு வந்தது. மூச்சு என்னவோ சீரானது, ஆனால் இதயத்தின் பம்ப் பலம் குறைந்த அந்த நோயாளிகளில் கருவி வைத்தவர்களிடம் இதயம் சார்ந்த மரணம் கூடியிருந்தது! அதனால்தான் முதலில் இதயத்தைக் கவனிக்கிறார்கள்.

நான் எடுத்த வீடியோவைப் பார்த்த மருத்துவர் நீர் மாத்திரையை மாற்றி, ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். பெரியம்மா எண்ணுவதை விடவில்லை. "நேத்து எட்டுக்கு மேல போகலை" என்றார் போன வாரம்.