இலையில் தெரியாத மருந்து

கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஒருசேர மின்னும் மின்மினிகளைப் பார்க்க வருகிறவர்கள், அங்கிருந்து உள்நாட்டுப் பக்கமாகத் திரும்பினால் பெஸ்தாரி ஜெயாவை அடையலாம். முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட இப்பட்டணத்தைச் சுற்றிலும் செம்பனைதான். மலேசியாவில் செம்பனை வணிகப் பயிராக முதன்முதலில் 1917இல் நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. இங்கே பசியாறவோ மதியச் சாப்பாட்டுக்கோ உட்காரும் பயணி, பூச்சிமருந்து படாத உணவை விரும்பினால், என்ன செய்ய வேண்டும்? தோட்டத்துப் பட்டணங்களில் இயற்கை உணவு என்று பலகை மாட்டிய கடை அரிது. மாட்டியிருந்தாலும் அந்தப் பலகை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு கத்தரிக்காயை இயற்கை முறையில் விளைந்தது என்று சொல்லும்போது, அதன் சுவையையோ நிறத்தையோ பற்றி நாம் எதுவும் சொல்வதில்லை. அது விளைந்த மண்ணில் என்ன இடப்பட்டது, செடியின்மேல் என்ன தெளிக்கப்பட்டது என்ற வரலாற்றையே சொல்கிறோம். முகத்தைப் பார்த்து ஒருவர் பிறந்த ஊரைச் சொல்ல முடியாதது போல, காயைப் பார்த்து அந்த வரலாற்றைச் சொல்லிவிட முடியாது. (புழுத் துளை உள்ள காய் மருந்து படாதது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு, புழு நுழைந்த பிறகு மருந்தடித்த காயிலும் துளை இருக்கத்தான் செய்யும்.) ஆகவே சான்றளிப்பு முறைகள், காயைச் சோதிப்பதைவிட நிலத்தையும் பதிவேட்டையும் சோதிப்பதையே முதன்மையாகக் கொண்டுள்ளன. மலேசிய விவசாயத் துறை வழங்கும் மைஆர்கானிக் சான்றிதழ், எம்எஸ் 1529 என்ற மலேசியத் தரநிலையை அடிப்படையாகக் கொண்டது. பன்னாட்டு அளவில், உணவுத் தரநிலைகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இயற்கை முறைக்கு மாறும் நிலம் ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் குறைந்தது 2 ஆண்டுகளும், பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் குறைந்தது 3 ஆண்டுகளும் மாற்றக் காலத்தைக் கடக்க வேண்டும் என்கிறது. மண்ணில் தங்கிய மருந்தின் எச்சங்களை நுண்ணுயிர்கள் சிதைக்கவும், உரத்தையே நம்பியிருந்த மண் தன் வளத்தை மீட்டுக்கொள்ளவும் அந்த இடைவெளி உதவுகிறது.

சந்தைக் காய்கறிப் பொட்டலங்களில் காணப்படும் மைகேப் முத்திரை இதிலிருந்து வேறுபட்டது. அது நல்ல வேளாண் நடைமுறைக்குரிய சான்று. பூச்சிமருந்தைத் தடை செய்யாது, எந்த மருந்தை எந்த அளவில் பயன்படுத்தலாம், தெளித்த பிறகு எத்தனை நாள் பொறுத்துப் பறிக்க வேண்டும் என்பவற்றையே ஒழுங்குபடுத்தும். அதை இயற்கை வேளாண்மைச் சான்றாக எண்ணிக்கொள்வது தவறு. ஆனால், பதிவேடே இல்லாத பண்ணையின் கீரையைவிட மைகேப் பண்ணையின் கீரையை நான் தயங்காமல் வாங்குவேன். எப்படியாயினும் இம்முத்திரைகள் பண்ணைக்கு உரியவை. காய்கறி மூட்டை பிரிக்கப்பட்டுச் சமையலறைக்குள் போனபின், இலையில் பரிமாறப்படும் பொரியலுக்கு அவை எவ்விதத்திலும் சாட்சி சொல்வதில்லை.

ஆய்வகத்தில் கண்டுபிடிக்க முடியாதா என்றால், ஓரளவுக்கு முடியும். இயற்கையில் நைட்ரஜன் அணுக்கள் பெரும்பாலும் 14 என்ற நிறை எண் கொண்டவை. ஆயிரத்தில் ஏறத்தாழ 4 அணுக்கள் மட்டும் 15 என்ற நிறை எண் கொண்ட கனமான ஐசோடோப்பு வகையைச் சேர்ந்தவை. யூரியா போன்ற ரசாயன உரங்களுக்கான நைட்ரஜன், ஹேபர்–பாஷ் முறையில் காற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. 1909இல் ஆய்வகத்தில் செய்துகாட்டப்பட்டு 1913இல் தொழிற்சாலைக்கு வந்த இம்முறையில் கிடைக்கும் உரத்தில், இவ்விரு வகை அணுக்களின் விகிதம் காற்றில் உள்ளதை ஒட்டியே இருக்கும். மாட்டெருவும் கோழியெருவும் அப்படியல்ல. எரு கிடந்து மக்கும்போது அதிலிருந்து அமோனியா வெளியேறுகிறது. இலேசான அணுக்கள் சற்று எளிதாக ஆவியாகிப் போக, கனமானவை எருவில் தங்கிச் செறிகின்றன. அந்த எருவில் வளர்ந்த செடியிலும் கனமான நைட்ரஜனின் பங்கு கூடுதலாக இருப்பதை, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்தறியும் நிறைமானி என்ற கருவி அளந்து காட்டும்.

ஆனால் இந்த அளவீடு உரத்தின் மூலத்தைச் சொல்லுமே தவிர, பூச்சிமருந்தைப் பற்றி எதுவும் சொல்லாது. கோழியெருவை மூட்டை மூட்டையாக இட்டுவிட்டு வாரந்தோறும் மருந்தடிக்கும் பண்ணையின் காயும் இச்சோதனையில் தேறிவிடக்கூடும். மறுபுறம், பயறு வகைச் செடிகளை மடக்கி உழுது உரமாக்கும் நேர்மையான இயற்கை விவசாயியின் காய், ரசாயன உரமிட்டதைப் போலவே தோன்றும். ஏனெனில் பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களும் நைட்ரஜனைக் காற்றிலிருந்தே பிடிக்கின்றன. செம்பனைக் கன்றுகளுக்கு இடையே தரையை மூடிப் படரவிடப்படும் பியூரேரியா, மியூக்குனா என்ற பயறு வகைக் கொடிகள் தோட்டத்து மண்ணுக்குச் செய்வதும் இதே வேலைதான்.

ஆகவே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு முத்திரையும் எட்டாது, ஆய்வகமும் எட்டாது. அவருக்கு மிஞ்சியிருப்பது, இலையில் விழும் காய் ஒவ்வொன்றும் எப்படி விளைகிறது என்ற அறிவு மட்டுமே; அது நாம் நினைப்பதைவிட நிறையவே பயன்படும்.

வெண்டைக்காயை எடுத்துக்கொள்வோம். பூ மலர்ந்த 4 முதல் 6 நாளில் காய் பறிக்கும் பருவத்துக்கு வந்துவிடும். விட்டால் முற்றி நாராகிவிடும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். ஒரே செடியில் இன்று பறிக்கும் காயும் நாளை மறுநாள் பறிக்கும் காயும் இன்றைய பூவும் சேர்ந்தே இருக்கின்றன. பூச்சிமருந்துக்கோ காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. தெளித்த நாளிலிருந்து எச்சம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குக் கீழே குறையும் வரை பறிக்கக் கூடாது. 7 நாள் காத்திருப்பு உள்ள மருந்தை வெண்டைக்கு அடித்துவிட்டு விதியை மதிப்பதென்றால், இடையில் வரும் மூன்று பறிப்புகளையும் குப்பையில் கொட்ட வேண்டும். பயற்றங்காயிலும் இதே நெருக்கடிதான். பூவிலும் காயிலும் துளைத்து நுழையும் காய்ப்புழு, பறிப்புக் காலம் முழுவதும் விவசாயியை மருந்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். கத்தரிக்காயையும் பச்சை மிளகாயையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். விற்பனைக்காகப் பெரிய அளவில் விளைவிக்கப்பட்ட இந்தக் காய்களின் மீதுதான் என் சந்தேகம் முதலில் விழுகிறது. வீட்டின் பின்புறத்தில் பத்துச் செடி வைத்திருப்பவருக்கு இந்த நெருக்கடி இல்லை. சொத்தையை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்க அவரால் முடியும்.

கேமரன் மலையிலிருந்து வரும் முட்டைக்கோஸின் எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. ஜாவாவில் அது டிடிடி மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டதாக 1953இலேயே பதிவாகிவிட்டது. அதன்பின் வந்த பல மருந்துகளையும் அது அடுத்தடுத்துத் தாங்கப் பழகிக்கொண்டது. கேமரன் மலையில் 1970களில் அறிமுகப்படுத்தப்பட்ட டயடெக்மா என்ற ஒட்டுண்ணிக் குளவி, அதன் புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது. ஆனால் பரவலாகக் கொல்லும் மருந்தை அடித்தால் குளவியும் சேர்ந்தே சாகும். கோஸின் வெளியிலைகளைத் தாராளமாக உரித்து எறியும் சமையற்காரர் இந்த விஷயத்தில் நமக்கு நல்லதே செய்கிறார்.

பூசணி, வாழைப்பூ, வாழைத்தண்டு, மரவள்ளி, பிஞ்சுப் பலா ஆகியவை எதிர்ப்பக்கத்தில் நிற்கின்றன. பூசணிக்குத் தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் உண்டு என்பதால், பூக்கும் காலத்தில் கண்டபடி மருந்தடிப்பது விவசாயியின் மடியிலேயே கை வைக்கும். காய் முற்றப் பல வாரங்கள் ஆவதும், தோலைச் சீவிவிடுவதும் கூடுதல் காப்பு. வாழைத்தண்டோ மடல் மடலாக மூடிய உறைக்குள் ஒளிந்திருக்கிறது. பாகற்காயில் பழ ஈ தோலுக்கடியில் முட்டையிடாமல் இருக்கப் பிஞ்சிலேயே தாளால் சுற்றிவிடுகிறார்கள். உழைப்பு மிகுந்த இந்த வேலை, மருந்தைக் குறைக்கும் எளிய நுட்பங்களில் மிகச் சிறந்தது.

தோட்டத்துப் பட்டணத்துக்கே உரிய ஓர் ஆபத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். செம்பனை வரிசைகளுக்கிடையே, கால்வாயோரங்களில் தானாக முளைக்கும் பூச்சோக் பாக்கு என்ற பெரணித் தளிரையும் பல வகைக் காட்டுக் கீரைகளையும் பறித்து வந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். யாரும் பயிரிடாததால் இவை தூயவை என்று பயணிகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மரத்தைச் சுற்றிய வட்டத்திலும் நடைபாதையிலும் களைக்கொல்லி அடிப்பது தோட்டத்தின் வழக்கமான வேலை. அந்த மருந்தடிப்பு வேலையில் தலைமுறைகளாக இருந்தவர்களில் நம் தமிழ்ப் பெண்கள் ஏராளம். அந்நாளில் பரவலாக இருந்த பாராகுவாட், இலைக்குள் ஒளிச்சேர்க்கையின்போது ஓடும் எலக்ட்ரான்களைத் திருடி நச்சு ஆக்சிஜன் வகைகளை உண்டாக்கும். நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே இலை வாடிக் கருகிவிடும். 2020 சனவரி 1 முதல் மலேசியாவில் அது தடை செய்யப்பட்டது. தொழிலாளர் உடல்நலத்துக்கு அது பெரிய நன்மை. இன்று பெரிதும் பயன்படும் கிளைபோசேட்டு வேறு வழியில் கொல்கிறது. செடி சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை முடக்கி, பட்டினி போட்டு மெதுவாகச் சாகடிக்கிறது. இலை மஞ்சளாகச் சில நாள்களாகும்; பல்லாண்டுச் செடிகளில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதாவது, நேற்று மருந்தடித்த கீரை இன்று பச்சைப் பசேலென்றே இருக்கும். செடியின் உள்ளே ஊடுருவிச் செல்லும் மருந்தாதலால், கழுவினாலும் முழுமையாகப் போகாது. சமையல் வெப்பத்தில் சிதையவும் செய்யாது. எனவே காட்டுக் கீரை என்ற பெயருக்கு மயங்காமல், எந்த இடத்தில் பறித்தது என்று கேட்பது அவசியம்.

மரவள்ளிக் கொழுந்து இந்தக் கணக்கில் தனி இடம் பெறுகிறது. அதன் செல்களில் லினமரின் என்ற சேர்மம் ஓர் அறையிலும், அதைச் சிதைக்கும் நொதி செல்சுவரிலும் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. பூச்சி கடித்தாலோ நாம் இடித்தாலோ இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். தன்னைத் தானே காத்துக்கொள்ளும் இந்தச் செடிக்கு வீட்டுத் தோட்டத்தில் மருந்தடிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. ஹைட்ரஜன் சயனைடு 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும் என்பதால், கொழுந்தை நன்றாக இடித்து, திறந்த பாத்திரத்தில் வெகுநேரம் வேகவைத்து, நீரை வடித்துவிடும் பழைய சமையல் முறை அறிவியலுக்கு முற்றிலும் பொருந்துகிறது. அரைவேக்காட்டுக் கொழுந்தை மட்டும் தொட வேண்டாம்.

கழுவுவதைப் பற்றியும் ஒரு சொல். 2017இல் அமெரிக்காவில் ஆப்பிள் பழங்களைக் கொண்டு நடந்த ஆய்வில், லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது, தோலின் மேலிருந்த தயாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லி 80 விழுக்காடும் பாஸ்மெட் என்ற பூச்சிமருந்து 96 விழுக்காடும் நீங்கின. தோலுக்குள் இறங்கிவிட்ட பங்கு அப்படியே இருந்தது.

சுற்றுச்சூழலைக் கெடுக்காத நிலைத்த உணவு என்ற பேச்சில், பயணிகள் பெரும்பாலும் உள்ளூர் விளைச்சலையே எல்லாமாகக் கருதுகிறார்கள். 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, உணவால் உண்டாகும் பசுமைக்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 விழுக்காடு என்றே கணித்தது. உரம், இயந்திரம் ஆகியவற்றை ஏற்றிச் செல்வதையும் சேர்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வொன்று அதை 19 விழுக்காடாக உயர்த்தியது. எந்தக் கணக்கை ஏற்றாலும், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்பதைவிட எதை உண்கிறோம் என்பதே பெரிது. கப்பலில் வந்த பருப்பில் வைத்த சாம்பார், உள்ளூரிலேயே வளர்த்த ஆட்டுக்கறியைவிடப் பல மடங்கு இலேசானது; ஆட்டின் இரைப்பை வெளியிடும் மீத்தேனுக்குப் பருப்பில் ஈடு எதுவும் இல்லை. வாணலியில் இருக்கும் எண்ணெய் அநேகமாகச் செம்பனையினுடையதுதான். அதன் உற்பத்திக்கு எம்எஸ்பிஓ என்ற மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்று 2020 முதல் கட்டாயம் என்றாலும், அதற்கும் இயற்கை வேளாண்மைக்கும் தொடர்பில்லை.

பொட்டலம் கட்டும் தாளும் கவனத்துக்குரியது. நாசி லெமாக் கட்டும் பழுப்புத் தாளின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் பூசப்பட்டிருப்பதால், அது மக்குவதும் இல்லை, மறுசுழற்சிக்கு எளிதில் போவதும் இல்லை. உள்ளே ஒரு துண்டு வாழையிலை இருப்பதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. தூக்குச்சட்டி கொண்டுபோவதே மேல்.

மதியக் கூட்டம் கலைந்த பிறகு, கடைக்காரப் பெண்மணியிடம், “அக்கா, இந்தக் கீரை எங்கேயிருந்து வருது?” என்று கேட்டுப் பார்க்கலாம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் வீட்டுத் தோட்டங்களையும் இயற்கை விவசாயத்தையும் நெடுங்காலமாகப் பரப்பி வந்திருப்பதால், இத்தகைய கேள்வி யாருக்கும் விநோதமாகப் படாது. எல்லாமே ஆர்கானிக் என்று வரும் பதிலை நான் பொருட்படுத்துவதில்லை. வெண்டைக்காய் மொத்தச் சந்தையில் வாங்கியது, பூசணி இன்னார் கொல்லையில் விளைந்தது, முருங்கை கடைக்குப் பின்னாலேயே நிற்கிறது என்று காய்க்குக் காய் வேறுபடுத்திச் சொல்பவரின் பதிலில் சரிபார்க்கத்தக்க செய்தி இருக்கிறது. அங்கே வெண்டைக்காயைக் குறைத்துக்கொண்டு, முருங்கைக்கீரையை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கலாம்.