குழியை மூடுறதுக்கு முன்னாடி லெவல் எடுங்க

போன வருஷம் சிங்கப்பூர் ஜூரோங் பக்கம் ஒரு சைட்ல ட்ரையல் ஹோல் போட்டோம், அதாவது கீழ என்ன இருக்குன்னு பார்க்கத் தோண்டுற சோதனைக் குழி. பழைய அஸ்-பில்ட் ட்ராயிங்ல (வேலை முடிஞ்சப்ப இருந்தபடி வரைஞ்சு வெச்ச படம்) தண்ணி பைப் 1.2 மீட்டர் ஆழம்னு போட்டிருந்துச்சு, அதை நம்பி மறுநாளைக்கு எக்ஸ்கவேட்டர் வரச் சொல்லியாச்சு, ஆனா மம்பட்டியால தோண்டிட்டிருந்த பட்டுக்கோட்டை அண்ணன் 70 சென்டிமீட்டர்லயே நிறுத்திட்டு "தம்பி, என்னமோ தட்டுது பாரு"ன்னாரு. கையால மண்ணைத் தள்ளிப் பார்த்தா பைப்போட முதுகு.

பைப் போட்ட அன்னைக்கு அந்த 1.2 சரிதான். அப்புறம் ரோடு வேலையில தரையை அரை மீட்டர் வெட்டிட்டாங்க, பைப் இருந்த இடத்துலயே இருக்கு. சர்வே வேலைல இத்தனை வருஷமா நான் பார்க்குற பெரிய சிக்கல் இதுதாங்க, நம்ம ஆளுங்க தரையிலேர்ந்து எவ்வளவு கீழங்கிற ஆழத்தை எழுதுறாங்க, கடல் மட்டத்தை வெச்சு எவ்வளவு உயரங்கிற லெவலை எழுதுறதில்ல. நாட்டுக்கே பொதுவான உயர அடிப்படையான சிங்கப்பூர் ஹைட் டேட்டம்படி லெவல் எழுதி, வரைபடத்துல இடத்தைக் காட்டுற எஸ்விஒய்21 கோஆர்டினேட்டும் போட்டுட்டா மேல ரோடு என்ன ஆனாலும் கணக்கு மாறாது. 2004லேர்ந்து எஸ்விஒய்21தான் நாட்டுக்கே பொதுவான கோஆர்டினேட், சேட்டிலைட் அளவைத் திருத்திக் கொடுக்கிற சைரென்ட் நெட்வொர்க் சிக்னல் இருந்தா, கம்பத்துல மாட்டுற ரோவர் கருவியிலயே சில சென்டிமீட்டர் துல்லியத்துல எடுத்துடலாம்.

இன்னொண்ணு, பிம்னு சொல்ற கட்டடத்தோட முப்பரிமாண கம்ப்யூட்டர் மாடல் போடுறவங்க கட்டடத்தோட ஒரு மூலையை சைபர்னு வெச்சுக்கிட்டு வரைவாங்க. அதை அப்படியே ஜிஐஎஸ்ங்கிற கம்ப்யூட்டர் மேப்ல ஏத்துனா கட்டடம் எங்கயோ கடல்ல போய் நிக்கும். எம்ஆர்டி ரயில் வேலைகள்ல மைனஸ் வராம இருக்க லெவலோட 100 மீட்டர் கூட்டிக்கிற வழக்கம் உண்டு, அது தெரியாம கலந்தா சுரங்கப்பாதை வானத்துல தொங்கும். நூறு மீட்டர் தப்புன்னா பார்த்ததுமே தெரிஞ்சிடும், அரை மீட்டர் தப்புதான் யார் கண்ணுக்கும் படாம உள்ள கிடந்து ஆளைக் கொல்லும். உயர் அழுத்த மின்கேபிளை வெட்டிட்டா 10 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், ஜெயிலும் இருக்கு.

நிலத்தடி விஷயத்தை முப்பரிமாண மேப்பா கொண்டு வரணும்னு சிங்கப்பூர் நில ஆணையம் 2017ல சிங்கப்பூர்-ஈடிஎச் ஆராய்ச்சி மையத்தோடயும் சூரிக் நகரத்தோடயும் சேர்ந்து டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட் திட்டத்தை ஆரம்பிச்சாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது. ஆனா குழியை மூடுன பிறகு, மண்ணுக்குள்ள அலை அனுப்பிப் பார்க்குற ரேடார் வெச்சுத் தேடுறது கஷ்டம், நம்மூர் ஈரக் களிமண்ல அந்த அலை கொஞ்ச தூரத்துலயே அடங்கிடும். குழி திறந்திருக்கிற நேரம்தான் நேரம்.

சூப்பர்வைசரா இருக்கிற தம்பிங்களுக்குச் சொல்றேன், லெவல் எடுக்கிறப்ப அது பைப்போட மேல்பக்கமா அடிப்பக்கமான்னு எழுதுங்க, 300 மில்லிமீட்டர் பைப்ல அதுவே ஒரு அடி வித்தியாசம். நேரா அளந்ததா, ரேடார்ல பார்த்ததா, பழைய ட்ராயிங்கைப் பார்த்து எழுதுனதான்னும் பக்கத்துல போடுங்க, பின்னாடி வர்றவன் எதை நம்பலாம்னு அதை வெச்சுதான் முடிவு பண்ணுவான்.

அன்னைக்கு அந்தக் குழியில நாங்க நாலு பாயிண்ட் எடுத்தோம், பட்டுக்கோட்டை அண்ணன்தான் ரோவர் கம்பத்தை நேரா பிடிச்சாரு, பத்து நிமிஷம்கூட ஆகல.